பலாமரத்தில் கட்டிய வெள்ளைத் துணி

தருமத்துக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது, யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக ஊரெல்லாம் பேச்சு வாங்குகிற தொழில். இதில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போதே தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கடைவீதியில் மாமாவின் துணிக்கடையில் நான் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் தொடங்கினோம். சங்கத்தில் பேச ஆள் நிறைய உண்டு. மலையேறிப் போய்ப் பாடம் சொல்ல நான் ஒருவன்தான்.

பிடி அரிசி

வெறும் வயிற்றில் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து ஏறாது. அதனால் பாடம் முடிந்ததும் கஞ்சி ஊற்றுவதென்று முடிவு செய்தோம். பதுளையில் வீட்டுக்கு வீடு ஒரு பானை வைத்து, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அதில் போடச் சொன்னோம். பெண்கள் சொல்லாமலே இரண்டு பிடி போட்டார்கள். கடைக்காரர்களிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அரிசிக் கடை முதலாளி ஒருவர் என்னை நெடுநேரம் நிற்கவைத்து விசாரித்தார். தோட்டத்து ஆட்கள்தான் அவருடைய வாடிக்கைக்காரர்கள். கடைசியில் ஒரு மூட்டையையே தூக்கிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுங்க தம்பி, புண்ணியமாப் போகும். கணக்கு மட்டும் வேணாம்."

வெண்கல மணி

மணி இல்லாமல் பள்ளிக்கூடமா என்று சங்கத்தில் ஒருவர் கேட்க, நல்ல வெண்கல மணி ஒன்று வாங்கினார்கள். நான்தான் சுமந்துகொண்டு மலையேறினேன். பழைய கொட்டகை ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கென்று விட்டிருந்தார்கள். அதன் வாசலில் நின்று ஆசைதீர அடித்தேன்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து பிள்ளைகள் வருவார்கள் என்று பார்த்தால், பெரியவர்கள் ஓடிவந்தார்கள். தோட்டத்தில் மணி அடித்தால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வேலைக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். கூடையோடு பெண்கள், மண்வெட்டியோடு ஆண்கள். ஒருவர் தலையில் தேய்த்த எண்ணெய் காதில் வழிய நின்றார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வையும் கெடுத்த பாவத்துக்கு அவர்கள் என்னை அடித்திருந்தாலும் தப்பில்லை. பங்களாவிலிருந்து தோட்டத்துத் துரையும் வந்துவிட்டார். அவர் இங்கிலீஷில் பொரிந்து தள்ளியதைக் கணக்கப்பிள்ளை எனக்குச் சுருக்கிச் சொன்னார்: "பள்ளிக்கூடம் நடக்கலாமாம். சத்தம் வரக் கூடாதாம்."

பேச்சி

மணி கீழே இறங்கி எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது. சத்தமில்லாமல் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவது? நமக்குத் தெரிந்தது துணிதானே. மல் துணியில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு போய், கொட்டகைக்குப் பக்கத்துப் பலாமரத்தில் கட்டினேன். லயத்து வாசலில் நின்றாலே தெரியும். துணி தெரிந்தால் வாத்தியார் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

முதலில் ஓடி வருகிறவள் பேச்சி. இடுப்பில் தம்பி, தலையில் விறகுக் கட்டு. விறகு இல்லாமல் படிப்பு இல்லை என்பது அவள் அம்மா போட்ட சட்டம். மற்ற பிள்ளைகள் கஞ்சிக்கு வந்தார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை. இவள் எழுத்துக்கு வந்தாள். மணலில் எழுதியதை அழிக்க மனமில்லாமல், சுற்றிக்கொண்டு நடப்பாள்.

ஒரு நாள் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதுகூடத் தெரியாத பனி. யாரும் வரமாட்டார்கள் என்று கிளம்பப் போனேன். பனிக்குள்ளிருந்து விறகுக் கட்டு வந்தது. "துணிதான் தெரியலையே, எப்படி வந்தே?" என்று கேட்டேன். அவள் என்னை மக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "தெரியலன்னா கட்டலன்னு ஆகிருமா, வாத்தியாரய்யா?"

காலி லயம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பனி இல்லை, நல்ல வெயில். கஞ்சி ஆறி ஆடை கட்டியது. பள்ளத்தைத் தாண்டி லயத்துக்குப் போனேன். எந்த அடுப்பிலும் நெருப்பில்லை. ஆள் சேர்த்து வந்து வேலை வாங்குகிற பெரிய கங்காணிக்கும் துரைக்கும் ஏதோ மனத்தாங்கல். கங்காணி தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அது எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

பிள்ளைகள் இல்லாத இடத்துக்கு அரிசி எதற்கு என்று சங்கம் பள்ளிக்கூடத்தை மூடியது. நான் மட்டும் கொஞ்ச காலம் மலையேறித் துணியைக் கட்டிவிட்டு, சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தீபாவளிக்குத் தோட்டத்துச் சனங்கள் கடைக்கு வந்தால், ஒவ்வொரு சிறுமியின் முகத்தையும் பார்த்துப் பார்த்து அளவைத் தப்பாகக் கிழித்தேன். அந்தப் பிள்ளைகளைப் பார்க்காமல் நெஞ்சு ஏங்கிப்போயிருந்தது. மாமா தலையில் அடித்துக்கொண்டார்: "துணி விக்கிறவன் வீட்டுப் புள்ள, மலை மேல போயித் துணி காயப்போட்டுட்டு வருதே!"

லுணுகலைப் பாதை

சில வருஷம் கழித்து, லுணுகலைக் கடை ஒன்றுக்கு மாட்டுவண்டியில் துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு போனேன். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. ஒரு திருப்பத்தில், பாதைக்கு மேலே ஒரு மரத்தில் வெள்ளையாக ஏதோ ஆடியது. பழைய சேலைக் கிழிசல். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு மூச்சிரைக்க ஏறினேன்.

மரத்தடியில் நாலைந்து வாண்டுகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தன. நடுவில் நின்றவள் பேச்சி. வளர்ந்திருந்தாள், விரல்களில் கொழுந்துக் கறை. இடுப்புத் தம்பி இப்போது அவள் தோளுக்கு நின்றான். மணலைப் பார்த்தேன். நான் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தோடு எழுத்து நின்றிருந்தது.

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. அதனால திரும்பத் திரும்ப இதையே சொல்லிக் குடுக்கிறேன்" என்றாள். உன்னை எங்கெல்லாம் தேடினேன் என்று நான் ஆரம்பித்தேன். அவள் முகம் சுருங்கியது, கண் நிறைந்தது. "நாங்க தவறாம ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை துணி கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்கதான் வரல வாத்தியாரய்யா."

சங்கத்தில் கூடிப் பேசி, கைதூக்கித் தீர்மானம் போட்டு, முறைப்படி பள்ளிக்கூடத்தை மூடிய எங்களில் ஒருவருக்கும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!