போனசாக வந்த ஜப்பான் கத்தி

அந்தத் தீபாவளிக்கு அம்மாவுக்கு போனசாகக் கிடைத்தது ஒரு கத்தி. சமையல் கத்தி இல்லை. கை நீளத்துக்கு லேசாக வளைந்த கத்தி. பளபளக்கும் கறுப்பு உறை, பிடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கயிறு, டிராகன் உருவம் போட்ட பித்தளைத் தட்டு. ஜப்பான் கத்தி என்று கடையில் அதற்குப் பெயர். எந்த ஊரில் செய்தார்களோ, யார் கண்டது? அலங்காரத்துக்கு மாட்டுகிற சாமான், அவ்வளவுதான். அதை வைத்து ஒரு வெண்டைக்காயை நறுக்கிப் பார்த்தேன். காய் நசுங்கியது.

அம்மா கோயில் பக்கத்தில் ஒரு ஃபேன்சி கடையில் வேலை பார்த்தாள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் சாமி படம் வாங்கும், வளையல் வாங்கும், கீ செயின் வாங்கும். கத்தி வாங்குமா? எந்தப் புண்ணியவான் பேச்சைக் கேட்டோ முதலாளி அதை வாங்கி வைத்துவிட்டார். தினமும் அதைத் துடைத்து வைப்பது அம்மாவின் வேலை. கடைசியில் தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருவதற்குப் பதிலாக அதை அவள் தலையிலேயே கட்டிவிட்டார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த நான் எனக்கும் ஒரு தாவணி தேறும் என்று காத்திருந்தவள். முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"விடுடி. ஆம்பளை இல்லாத வீடு. இது ஒரு ஆள் மாதிரி இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் அம்மா. ஹாலில் அப்பா போட்டோவுக்குக் கீழே ஆணி அடித்து மாட்டினாள்.

அப்பா போய் அப்போது இரண்டு வருஷம். வேங்கிக்காலில் அந்தச் சின்ன ஓட்டு வீட்டைக் கட்டி முடித்த கையோடு மாரடைப்பு. மனை வாங்கியபோது தம்பி மேல் இருந்த பாசத்தில் பத்திரத்தில் அவர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். பிறகு, கீழ்பென்னாத்தூரில் இருக்கிற பூர்வீக நிலம் முழுக்க உனக்கு, இந்த மனை எனக்கு என்று தம்பியோடு வாயாலேயே பேசி முடித்துக்கொண்டார். அந்தப் பேச்சு நடந்தபோது கூட வேறு யாரும் இல்லை. அப்பா வந்து அம்மாவிடம் சொன்னதுதான். பத்திரத்தை மாற்றி எழுத ஆயுசு இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றோடும் ஜப்பான் கத்தியையும் வைத்தாள். சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. பூஜை முடிந்து மறுபடி மாட்டியபோது பொட்டைத் துடைக்கவில்லை. பார்க்க நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. எதிர்வீட்டு அக்கா சர்க்கரை கடன் கேட்க வந்தவள் பார்த்துவிட்டு, "உங்க குலதெய்வம் முனீஸ்வரனா?" என்றாள். அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தெருக்காரர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வைத்தாள். அதை ஊறுகாய் போட்டோம்.

கலெக்டர் ஆபீஸ் எங்கள் பக்கம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் மனை விலை ஏற ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா ஒரு புரோக்கரோடு வந்து நின்றார்.

"அண்ணி, வித்துடலாம். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. பத்திரத்துல என் பேரும் இருக்குது."

"தம்பி, நெலத்தை உங்களுக்கு வுட்டுட்டு இதைத் தான் வச்சுக்கறேன்னு உங்க அண்ணன் சொன்னாரே."

"அப்படி எதுவும் பேசலீங்க."

வீட்டை விற்றால் அம்மாவும் நானும் எங்கே போவது? அவள் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் என் படிப்பு நிற்கும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொண்டுவந்தாள். அப்பா போட்டோவுக்கும் கத்திக்கும் எதிரே வைத்து ஏற்றினாள்.

"உங்க அண்ணன் அப்படிச் சொல்லலைன்னு கற்பூரத்தை அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணுங்க. இப்பவே பூட்டி சாவியைக் குடுத்துடறேன்."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தால் வம்சம் விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். புரோக்கர் மெல்ல வாசலுக்கு நகர்ந்துவிட்டார். சித்தப்பா கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. சுவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். கற்பூரம் தானாக எரிந்து அடங்கும்வரை நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்த மாசமே ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து தன் பாதியை அம்மா பெயருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். அம்மாவும் நானும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வெண்டைக்காய் நறுக்காத கத்தி ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டது. ஜப்பான் முனி என்று அதற்குப் பெயர் வைத்தோம். வருஷா வருஷம் முதல் பொட்டு அதற்குத்தான். அந்த வீட்டிலிருந்துதான் நான் காலேஜுக்குப் போனேன், வேலைக்குப் போனேன், கல்யாணமும் ஆனது. சித்தப்பா நல்லது கெட்டதுக்கு வந்து போவார். அம்மா தாராளமாகவே உபசரிப்பாள். எனக்கு மட்டும் அவரைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு இளப்பம். கடைச் சாமானுக்குப் பயந்த மனுஷன்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான் அம்மாவைப் பார்க்க வந்திருந்த ஒரு நாள், சித்தப்பா அறுவடையான வேர்க்கடலையில் ஒரு மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் ஹாலில் கத்தியைத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு அப்பவே விலை ஜாஸ்தி சொன்னாங்க" என்றார் சித்தப்பா.

"எதுக்கு?"

"இந்தக் கத்திக்குத்தான். உரம் வாங்க டவுனுக்கு வர்றப்ப உங்கம்மாவைப் பார்க்கலாம்னு கடைக்குப் போனேன். அவங்க சாப்பிடப் போயிருந்தாங்க. மொதலாளிகிட்ட சும்மா விலை கேட்டேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "இது சாமி கத்தி இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன."

"அப்புறம் ஏன் சித்தப்பா அன்னிக்குக் கற்பூரத்தை அணைக்கல?"

அவர் வேர்க்கடலையை உடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க அண்ணன் சொன்னது நெசம்மா. மாட்டுக் கொட்டாயில நின்னு சொன்னாரு. நெலத்தை நல்லா பாத்துக்கடான்னாரு. எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். அவரும் இல்ல. வாயால இல்லைன்னுட்டேன், சத்தியமும் பண்ணிட்டா அவரு பேசினதே இல்லைன்னு ஆயிடும். கையை ஓங்கிட்டேன். இறக்க முடியல."

இத்தனை வருஷம் நாங்கள் பொட்டு வைத்ததெல்லாம் யாருக்கு? அன்றைக்கு அவர் அந்தக் கையை இறக்கியிருந்தால் கேட்க நாதி கிடையாது. அவருடைய வாயைத் தவிர அப்பா பேச்சுக்கு வேறு சாட்சியே இல்லை. சொந்த மனுஷருக்கு நன்றி சொல்லி எங்கள் வீட்டில் பழக்கமில்லை, அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவும் இல்லை. குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "இன்னாம்மா இது, இன்னிக்கி இன்னா விசேஷம்?"

"வீடு குடுத்தீங்களே சித்தப்பா" என்றேன்.