எனக்கு வரவேண்டிய கை

தம்பி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் முதல் கட்டுரையைப் பெரியப்பாதான் எழுத வேண்டும் என்று தம்பியின் மகள் கேட்டாள். எழுதுகிறேன். இதைத் தம்பியே எழுதியிருந்தால் படிப்பவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தம்பி ஆறாம் வகுப்போடு நின்றவர்.

காரைக்கால் பகுதியில், நெரவி கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒரு சிறிய ஊரில், எங்கள் பெற்றோருக்கு ஐந்தாவது பிள்ளையாகத் தம்பி பிறந்தார். நான் நான்காவது. மூத்தவர்கள் மூவரும் குழந்தையிலேயே போய்விட்டதால் மிஞ்சியது நாங்கள் இருவர். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போட்டார். ஊரில் சபைக்குப் போகும் வீடுகள் எங்களுடையதோடு சேர்த்து நான்கு. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து நான் ஒன்பது பரிசு வாங்கினேன். தம்பி ஒன்று வாங்கினார். அது வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது.

நான் படித்து, காரைக்காலில் அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன். தம்பி கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு சாராயக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் பக்கம் சாராயம் மலிவு என்று, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாகக் குடிக்க வருவார்கள். அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக் கொடுத்துத் தம்பியும் பழகிவிட்டார். திருமணத்துக்குப் பிறகும் விடவில்லை. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவார். அதனால் தம்பி மனைவி வீட்டில் உடையக்கூடிய பொருள் ஒன்றையும் வைத்திருக்கவில்லை. தட்டு, குவளை, டம்ளர் எல்லாம் எவர்சில்வர், எல்லாவற்றிலும் நெளிசல்.

அந்த நாட்களில் நான் அபிஷேகத்துக்காகக் காத்திருந்தேன். சபையைச் சேராத உறவினர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் விளக்குகிறேன். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மேல் பரிசுத்த ஆவி இறங்க வேண்டும் என்று ஜெபிப்பதற்காகவே எங்கள் சபையில் காத்திருப்புக் கூட்டம் நடக்கும். கண்களை மூடி முழங்காலில் நிற்போம். பாஸ்டர் வரிசையாகத் தலையில் கை வைத்து ஜெபித்துக்கொண்டு வருவார். சிலர் அழுவார்கள். சிலர் அந்நிய பாஷையில் பேசுவார்கள். பிறகு அவர்களுடைய வாழ்க்கையே மாறிவிட்டதாகச் சாட்சி சொல்வார்கள். எனக்குப் பின்னால் சபைக்கு வந்த பதினொரு பேர் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு முழங்கால் வலிதான் வந்தது.

ஒரு ஞாயிறு மாலை. நான் வரிசையில் ஏழாவது ஆள். மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு தம்பி அந்த வாரம் என் வீட்டில் தங்கியிருந்தார். என் மனைவி அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் வீடு பூட்டியிருந்தது. தம்பி நேரே சபைக்குள் வந்து என் முன்னால் குந்தினார். சாராய வாடை குப்பென்று அடித்தது.

"அண்ணே, சாவி."

"போடா வெளில. ஜெபம் நடக்குது."

"சாவியக் குடுத்துட்டு நீங்க நடத்துங்க."

நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். பாஸ்டர் ஆறாவது ஆளை முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமலே அடுத்த அடி வைத்துக் கையை இறக்கினார். என் தலை இருக்க வேண்டிய இடத்தில் தம்பியின் தலை இருந்தது.

தம்பி முதலில் தட்டிவிடத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அழ ஆரம்பித்தார். எங்கள் அப்பா இறந்தபோதுகூட அழாத ஆள் அவர். வாயிலிருந்து வேறு ஏதோ மொழி வந்தது. சபை முழுக்க ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று எழும்பியது. பாஸ்டர் அந்தத் தலையிலிருந்து கையை எடுக்க வெகுநேரமாயிற்று. அதற்குப் பிறகு எட்டாவது ஆளிடம் போய்விட்டார். நான் சாவியை வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன்.

வேதத்தை முழுவதும் படித்தவன் நான். உபவாசம் இருந்தவன் நான். வாடையோடு வந்தவருக்குக் கிடைத்தது. இதை நான் பாஸ்டரிடமே கேட்டேன். "தேவனுடைய சித்தம்யா" என்றார். கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்றிருந்தேன். தம்பி மறுநாளே சாராயக்கடை வேலையை விட்டார். திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் காவலாளி வேலை கிடைத்தது. சனிக்கிழமை அங்கே கூட்டம் நெரியும். பக்தர்களின் பைகளைத் தூக்கி மாடி ஏறுவார். அதனால் சபையின் சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. அப்படியிருந்தும் அபிஷேகம் அவரை விட்டுப் போகவில்லை. இதையும் நான் கவனித்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் என் மனைவி தம்பி வீட்டிலிருந்து திரும்பி வந்து, "அவ பீங்கான் கப்பு வாங்கியிருக்கா, ஆறு கப்பு, ஆறு சாசர்" என்றாள்.

"அதுக்கென்ன?"

"ஒடையும்லன்னு கேட்டேன். இனிமே ஒடையாதுக்காங்கறா." சமையலறைக்குள் போய்க்கொண்டே, "ஒங்களுக்கு அபிஷேகம் வராட்டியும் போவுது, கோவமாவது கொறையக் கூடாதா?" என்று சேர்த்தாள்.

தம்பி மாறினார் என்பதற்கு அந்தக் கப்புகளைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. இன்றும் ஆறும் முழுதாக இருக்கின்றன. போகும்போதெல்லாம் எண்ணிப் பார்ப்பேன்.

பிறகு ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், பிள்ளை பரீட்சைக்குப் போகிறது என்றாலும், தம்பியைத்தான் ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். சபையைச் சேர்ந்தவர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் கூப்பிட்டார்கள். தம்பியைப் பார்க்க அதே தெருவில் நான் நடந்துபோவேன். "தம்பி இருக்காரா?" என்று என்னிடமே விசாரிப்பார்கள்.

ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அது எனக்கு வந்த கைடா."

"தெரியும்ணே. திருப்பிக் குடுத்துடவா?"

"குடு."

தம்பி விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுந்து வந்து என் தலையில் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபித்தார். நானும் மனதார நின்றேன்.

"ஏதாச்சும் தெரியுதாண்ணே?"

"தலை கனக்குது. கைய எடு."

இருவரும் சிரித்தோம். அவர் அதிகமாகச் சிரித்தார்.

பழைய குடி கடைசியில் ஈரலைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டி வந்தோம். தினமும் காலையில் காரைக்காலிலிருந்து பஸ் ஏறி நான் போவேன். ஒருநாள் அறையில் வேறு யாரும் இல்லாதபோது தம்பி மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, இப்பல்லாம் ஒண்ணும் வரல."

"என்ன வரல?"

"பாஷை வரல. அழுகை வரல. வாயத் தொறந்தா வெறும் வாயா இருக்கு. ஆண்டவரு வுட்டுட்டுப் போயிட்டாரோன்னு பயமா இருக்கு."

எனக்குள் ஒரு சின்ன திருப்தி எழுந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. தண்ணீரில் இறங்கிய பிள்ளைக்குக் கால் எட்டாதபோது வருகிற முகம்.

"நீங்க எப்படிண்ணே இத்தன வருசமா ஒண்ணுமே இல்லாம ஜெபம் பண்ணுனீங்க?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இது ஒன்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம்.

"வருதான்னு பாக்காதடா. யார் யாருக்காக ஜெபிக்கணுமோ வரிசையா பேரச் சொல்லு. முடிஞ்சா ஆமென் சொல்லு. போய் பல்ல வெளக்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நாளைக்கும் அதே."

"சப்புன்னு இருக்குமேண்ணே."

"இருக்கும். எனக்கு என்ன, பாயசமாவா இருந்துச்சு?"

தம்பிக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து இருவரும் அப்படியே ஜெபித்தோம். நான் ஒரு பெயர் சொல்வேன், அவர் ஒரு பெயர் சொல்வார். நான் ஆயுள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ததை, தம்பி ஒரே வாரத்தில் முகம் தெளிந்து செய்ய ஆரம்பித்தார். பயம் போய்விட்டது. "இப்படியும் அவரு இங்கதாண்ணே இருக்காரு" என்றார். எனக்கு அது தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததிலும் எனக்குத் தெரியாததை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு காலை அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தபோது, தம்பியின் முறை வந்தது. அவர் என் பெயரைச் சொன்னார். ஆமென் சொல்லவில்லை. வாசலில் நின்ற பெண்கள் அறைக்குள் ஏதோ பிரசன்னம் இறங்கியதை உணர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். கை குளிர்ந்துகொண்டு வந்ததைத்தான் உணர்ந்தேன். ஆமெனை நான் சொன்னேன்.

தம்பியின் கடைசி நாட்களில் துணி மாற்றிவிட்ட செவிலியர் சகோதரிக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த தெருத் தம்பிகளுக்கும், லாட்ஜில் உடன் வேலை செய்தவர்களுக்கும், சனிக்கிழமைக் கூட்டத்தையும் விட்டுவிட்டு அடக்க ஆராதனைக்கு வந்த அதன் உரிமையாளருக்கும், சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் பக்கத்து வீட்டுக் கலாவுக்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிறேன். அடக்கம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, காரைக்காலில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் கணவருக்கு மறுநாள் ஆபரேஷன்.

"ஐயா, வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க. ஏதும்னா எங்க அண்ணனக் கூப்பிட்டுக்கன்னு அவுங்க சொல்லியிருந்தாங்க."

"எனக்கு அந்த அபிஷேகமெல்லாம் இல்லம்மா."

"அதயும் சொன்னாங்க. வாங்க போவலாம்."

போனேன். கணவரின் பெயரைச் சொன்னேன், பிள்ளைகளின் பெயரைச் சொன்னேன், ஆமென் சொன்னேன். அவர் நல்லபடியாக வீடு திரும்பினார். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று வீட்டிலாவது கூப்பிடுகிறார்கள். எந்த வீட்டிலும் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் போகிறேன், தம்பி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே. வேலையை என்னிடம் விட்டுவிட்டு, வரத்தை மட்டும் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

அன்புடன்,
அண்ணன்