நாவற்குடாவில் டயர் மாற்றும்வரை

பென்சன் எடுத்த தபால்காரராம் ஒருவர், அவர் மனைவி, மகள்மார் இருவர், மருமகன்மார் இருவர், ஒரு பேத்தி. நாவற்குடா வாவிக்கரையில் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். நான் நின்று பார்க்கிறேன்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். இளைய மருமகன் மீனில் முள் எடுத்து அவர் தட்டில் வைக்கிறான். எனக்கு வயிறு எரிகிறது.

"வாங்க அண்ணன், சாப்பிடுவம்," என்கிறார்.

"வேணாம், இப்பதான் சாப்பிட்டன்." பொய் சொல்கிறேன்.

"ஞாயிறு எண்டா இவனுகள் என்னை வீட்டில இருக்க விடுறானுகள் இல்ல. உங்கட மருமகன்மார் எப்பிடி?"

எங்கள் பக்கம் கல்யாணம் முடித்த மகன் பெண் வீட்டோடு போய்விடுவான். மகளைப் பெற்றவன் வீட்டு வளவுதான் நிறையும்.

"எனக்கு மகள் இல்ல."

"அப்ப ஆம்பிளப் புள்ளையள் எத்தின?"

"நாலு."