மூன்றாவது விலைப்புள்ளி

என் மனைவி தரையில் உட்கார்ந்துதான் ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் சரியில்லை. நின்றபடி வெட்ட ஒரு மேஜை செய்து தருகிறேன் என்று ஓய்வு பெற்ற கையோடு சொல்லி, லிங்கராஜபுரம் வீட்டுக் கார் ஷெட்டில் ஐந்து சில்வர் ஓக் பலகைகளை இறக்கினேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். அப்படியே ஒட்டினால் மேஜை வராது, படிக்கட்டு வரும். எல்லாவற்றையும் ஒரே கனத்துக்கு இழைக்க திக்னஸ் பிளேனர் வேண்டும். புதிதாகத் தச்சு பழகுகிறவனுக்கு ஏற்ற, விலை குறைந்த சின்ன மெஷின் போதும்.

வேலைக்காலம் முழுவதும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். இழைக்கும் அகலம், பிளேடு, உதிரி பாகம், உத்தரவாதம் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, விலைப்புள்ளி கேட்டு மூன்று கடைகளில் கொடுத்தேன்.

முதல் கடை, கையில் பிடித்துத் தள்ளும் பிளேனரின் படத்தை அனுப்பியது. நேரில் போனேன்.

"இதுவும் பிளேனர்தான் சார். மரம் சீவும்."

"அஞ்சு பலகையும் ஒரே கனம் வருமா?"

"அது உங்க கைல இருக்குது சார்."

என் கையில் இருந்தால் அவனிடம் ஏன் போகிறேன்?

இரண்டாவது கடை எல்லாக் கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பியிருந்தது. மூன்றாவது கடைக்காரன் உத்தரவாதம் என்ற இடத்தில் 'நல்ல குவாலிட்டி' என்று எழுதியிருந்தான். மாற்று பிளேடு எங்கே கிடைக்கும் என்றேன். "மொதல்ல இது போவட்டும் சார், பாத்துக்கலாம்" என்றான்.

ஆக, தகுதியான விலைப்புள்ளி ஒன்றே ஒன்று. ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. மறுபடி கேட்க வேண்டும், அதுதான் முறை.

"ரெண்டாவது கடை மெஷினுக்கு என்ன குறை?" என்று மனைவி தரையிலிருந்து கேட்டாள்.

"குறை ஒண்ணும் இல்ல. ஒப்பிட இன்னும் ரெண்டு வேணும்."

"பொண்ணு பாக்க வந்தப்போ நானும் மூணு கொட்டேஷன் கேட்டிருக்கணும்."

மறுபடி கேட்டேன். முதல் கடை அதே படத்தை, இந்த முறை கலரில் அனுப்பியது. மூன்றாவது கடை பதிலே அனுப்பவில்லை. மழைக்காலம் போய்விட்டது. ஒரு நாள் அந்த மூன்றாவது கடையில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினேன். ஷெட்டில் பலகைகள் இல்லை.

"கூட்ஸ் ஆட்டோ புடிச்சு மர டிப்போல குடுத்துட்டேன்" என்றாள். "பெரிய மெஷின் வெச்சிருக்காங்க. இழைக்க அரை மணி நேரமாம். ஒட்டி, கால் போட்டும் தராங்களாம்."

"எழுத்துல குடுத்தாங்களா?"

"வாயால சொன்னாங்க."

அந்த வாரமே மேஜை வந்தது. கனம் அளக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு நான்கு மூலைகளிலும் அளந்தேன். ஒரே கனம். மறுபடி அளந்தேன்.

அந்த மூன்று கடைக்காரர்கள்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்து பலகைக்கு மெஷின் எதற்கு, டிப்போவில் இழைத்துத் தருவார்கள் என்று ஒருவனாவது சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்தான். அதற்கு நான் கட்டம் போடவில்லை.

"கையை எடுங்க" என்றாள் மனைவி. "துணி விரிக்கணும்."