ஜனாதிபதிக்காக ஒரு மூட்டை அரிசி

அமெரிக்க ஜனாதிபதியைப் பதவி நீக்கப் போகிறார்கள் என்றதும், நம்மூர் வழக்கப்படி சிட்னியிலும் கடையடைத்துக் கல்லெறிவார்கள் என்று நம்பினேன். மறுநாள் மனைவி மதராஸில் விமானம் ஏறவேண்டும். ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு, 'வராதே' என்று தந்தியடிக்கக் கிளம்பினேன்.

ரயிலேறப் போன ஹோம்புஷ் ஸ்டேஷனில் டிக்கெட் பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரர், வழக்கம்போல டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டியிருந்தார்.

"சார், ஜனாதிபதி போறாராமே?"

"ஓம் தம்பி. அதுக்கு நீங்கள் ஏன் அரிசி சுமக்கிறியள்?"

"கலவரம் வந்தா? நாளைக்கு வீட்டுக்காரி அங்கேர்ந்து கிளம்பறா சார்!"

"மனிசி வரட்டும். டிக்கெட்டைக் காட்டுங்கோ."

அவ்வளவு பெரிய செய்தியைக் கேட்டுக்கொண்டே, ஒருவரையும் அவர் டிக்கெட் இல்லாமல் விடவில்லை. அந்த நிதானம் எனக்கு இன்றும் புரியவில்லை. தந்தியடிக்காமலே திரும்பினேன்.

பதவி நீக்குவதற்குள் ஜனாதிபதி தானே ராஜினாமா செய்தார். ரயில்கள் ஓடின. மனைவி வந்து அந்த அரிசியைச் சமைத்தாள்.