நெருப்பு மணிக்காரரின் ஏணி

ஸ்ரீரங்கத்துச் சாப்பாட்டுக் கடை வேலையை விட்டுவிட்டுத் திருச்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பெரிய கடைவீதியில் மழை பிடித்துக்கொள்ளவே, மூன்று மாடி ஜவுளிக் கடையொன்றில் ஒதுங்கினேன். அங்கே ஏணி மேல் நின்று ஒருவர் நெருப்பு மணியைச் சோதித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான். தேய்த்த காக்கிச் சட்டை, காதில் பென்சில். மாதம் ஒருமுறை வந்து மணியையும் பேட்டரியையும் பார்ப்பது அவர் வேலை.

சத்தம் பிடிக்காத கடை ஆட்கள் மணிக்குள் துணியை அடைத்து வைத்திருந்தார்கள். அவர் அதை உருவி, நான்காய் மடித்து, முதலாளியிடமே நீட்டினார்.

“பத்திரமா வைங்க முதலாளி. தீப்பிடிச்சா உங்க ஆளுங்களுக்குக் கோடித்துணியாப் போத்த ஆகும்.”

முதலாளி முகம் வெளுத்தது. நாற்காலி போட்டு, காபி வரவழைத்தார். என்னை எந்த முதலாளியும் உட்காரச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

என் துணி மூட்டையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “வேலை தேடுறீங்களா? ஏணி பிடிக்க ஆள் இல்லீங்க. நாளைக்கு வாங்களேன், தொழிலையும் கத்துக்கலாம்.”

அவர் மேலே நிற்க, நான் கீழே பிடிப்பதா?

“எனக்கு வேலை இருக்குங்க” என்று பொய் சொன்னேன்.

“அப்ப சரிங்க” என்றவர், தம் காபியில் பாதியை எனக்கு ஊற்றினார். அதையும் குடித்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு என்ன கோபம் என்று இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமக்கச் சேர்ந்தேன்.