எருமப்பட்டிக் கடலைக்காட்டில் இறங்கிய விமானம்

எண்பதுகளின் கடைசியில், நாமக்கல்லில் லாரி வைத்திருந்த என் கணவர் நண்பர்களோடு சேர்ந்து மைக்ரோலைட் என்ற இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை வாங்கினார். ஞாயிறு தவறாமல் அதோடுதான் கிடப்பார். சக்களத்தி வந்திருந்தால்கூட நான் அவ்வளவு பொறாமைப்பட்டிருக்க மாட்டேன்.

ஒரு நாள் எருமப்பட்டிக்கு மேலே பறக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டது. எப்படியோ ஒரு கடலைக்காட்டில் இறக்கிவிட்டார். கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டார். "இன்ஜின் நின்னதும் என்ன நினைச்சீங்க?"

"வண்டி ஒடஞ்சிரக் கூடாதுன்னு நினைச்சேனுங்க," என்றார் இவர்.

காபி கொண்டுவந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நேரத்திலும் அவருக்கு என் ஞாபகம் வரவில்லை.

பெட்ரோல் டேங்குக்குள் காற்றுப் போகும் துளையைக் குளவி மண்ணால் அடைத்திருந்ததால் இன்ஜினுக்குப் பெட்ரோல் இறங்காமல் போனதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. "உங்க மேல தப்பில்லை. சரி பண்ணிட்டு ஓட்டலாம்," என்றார் அதிகாரி. இவர் முகம் மலர்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, அடுத்த வாட்டி நானும் வாரேன்," என்றேன்.

"பயமா இல்லியா புள்ள?"

"இருக்குது. இருந்தாலும் வாரேன்."

மேலே போனதும் கொல்லிமலை நீலமாக எதிரே எழுந்தது. கீழே ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் வானம் கிடந்தது. விமானத்தின் மேலிருந்த பொறாமை அங்கேயே போய்விட்டது. இவர் மேல் வந்தது. இத்தனை ஞாயிறும் இதையெல்லாம் தனியாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுப் படுத்திருக்கிறாரே.